இயற்கையை நேசித்தால் போதுமா, காப்பாற்றிவிடுவோமா?

ஒரு வாசகரின் கேள்வி, ஜூன் 8

"சுற்றுச்சூழல் பற்றி எவ்வளவு பாடம் எடுத்தாலும் யாரும் மாறுவதில்லை. ஒரு மரத்தடியிலோ குளக்கரையிலோ மனிதர்களைக் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள். நேசம் தானாக வரும். நேசம் வந்துவிட்டால் காப்பாற்றுவார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?"

ஜூன் 8, இரவு

பாதி சரி என்பேன்.

வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு குளம் இருக்கிறது. ஏழு வருடம் அதைக் கடந்துதான் வேலைக்குப் போனேன். கரையில் எத்தனையோ மாலை உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீர் இருந்தது, காற்று வந்தது, மனசுக்கு இதமாக இருந்தது. அவ்வளவுதான். குப்பை மிதந்தால் எழுந்து வேறு பக்கம் போய் உட்காருவேன். அதற்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

ஒருநாள் தூக்கம் வராமல் விடிவதற்கு முன்பே போய்விட்டேன். கரையோரக் கோரைத் தண்டு ஒன்றில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. செத்த பூச்சி என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதுகு பிளந்தது. உள்ளிருந்து வெளிறிய பச்சையில் ஒரு தலை, அப்புறம் நெஞ்சு, அப்புறம் கால்கள். பாதி வெளியே வந்ததும் அப்படியே பின்பக்கமாகத் தலைகீழாகச் சாய்ந்து தொங்கியது. அரை மணி நேரம் அசைவே இல்லை. விழுந்துவிடுமோ என்று கையை அதற்கு அடியில் நீட்டியபடி நின்றேன். திடீரென்று நிமிர்ந்து, தான் விட்டு வந்த தோலையே கால்களால் பற்றிக்கொண்டு வாலை உருவி எடுத்தது. சிறகுகள் கசங்கிய காகிதம் போல இருந்தன. அவை மெல்ல மெல்ல நீண்டு, கண்ணாடி போலத் தெளிந்து, வெயில் ஏறியதும் தும்பி பறந்துவிட்டது. தண்டில் வெறும் கூடு. பிளந்த இடத்தில் வெள்ளை நூல்கள் சில நீட்டிக்கொண்டிருந்தன. அது புழுவாக இருந்தபோது மூச்சு விட்ட குழாய்களின் உட்தோல் அது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து அந்தக் குளத்தை என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை. ஏழு வருடம் உட்கார்ந்தபோது வராதது, இரண்டு மணி நேரம் ஒரு தும்பியைப் பார்த்ததில் வந்தது. எனவே, வெறுமனே உட்கார வைத்தால் போதாது. ஏதாவது ஒன்றையாவது கிட்டத்தில், முழுசாகப் பார்க்க வேண்டும்.

ஜூன் 9

நேற்று எழுதியதில் ஒரு சின்னத் தெளிவு. கூட்டிலிருந்து வந்தவுடன் தும்பியின் சிறகுகள் முதுகின் மேல் சேர்ந்துதான் இருந்தன. பறக்கும் நேரம் நெருங்கியபோதுதான் விரித்துத் தட்டையாக வைத்தது. உட்கார்ந்திருக்கும்போது சிறகை மூடியே வைத்திருக்கும் ஒல்லியான வகை வேறு, அது ஊசித்தும்பி. இரண்டையும் ஒன்றென்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

ஜூன் 11

அதுதான் இன்னொரு விஷயத்துக்கு இழுத்துப் போகிறது: பெயர்.

ஆண்ட்ரூ பாம்ஃபோர்டும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். பிரிட்டனில் பள்ளிக் குழந்தைகளிடம் இரண்டு வகைப் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். ஒன்று, அங்கே சாதாரணமாகக் காணப்படும் செடிகள், பூச்சிகள், விலங்குகள். இன்னொன்று, போகிமான் என்ற விளையாட்டில் வரும் கற்பனை உயிர்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் போகிமானில் ஏறக்குறைய 80 சதவீதத்தைச் சரியாகச் சொன்னார்கள். உண்மையான உயிர்களில் பாதியைத்தான் சொன்னார்கள்.

இதைப் படித்துவிட்டுப் பலர் பிள்ளைகளைக் குறை சொல்வார்கள். எனக்குத் தோன்றியது வேறு. எட்டு வயதில் நூற்றுக்கணக்கான உயிர்களின் பெயரையும் குணத்தையும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளும் ஆசை அந்த வயதிலேயே பொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த ஆசைக்கு நாம் எதைத் தருகிறோம் என்பதுதான் கேள்வி. பக்கத்து வீட்டுச் சிறுமிக்குத் தும்பி என்று சொல்லித் தரும் முன்பே அவள் அதற்கு ஹெலிகாப்டர் என்று பெயர் வைத்திருந்தாள். இப்போது சிவப்பு ஹெலிகாப்டர், நீல ஹெலிகாப்டர், கோடு போட்ட ஹெலிகாப்டர் என்று ஆறு வகை வைத்திருக்கிறாள். புத்தகத்தில் இல்லாவிட்டால் என்ன, வேறுபாடு கண்ணில் பட்டுவிட்டதே.

பெயர் தெரிந்துவிட்டால் "ஏதோ பூச்சி" என்று மிதித்துவிட்டுப் போக முடியாது. பெயரில்தான் எல்லாம் தொடங்குகிறது.

ஜூன் 12

பெயரில்தான் எல்லாம் தொடங்குகிறது என்று நேற்று அடித்துச் சொன்னதை ஒருவர் மறுத்தார். பறவைப் பட்டியல் வைத்துக்கொண்டு அலைபவர்களுக்கு எண்ணிக்கைதான் முக்கியம், பறவை முக்கியமில்லை என்றார். கோபம் வந்தது. பிறகு தேடிப் பார்த்தேன்.

டெர்பி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். எந்த வழியில் போனால் மனிதருக்கு இயற்கையோடு ஒட்டுதல் கூடுகிறது? ஐந்து வழிகளைச் சொல்கிறார்கள்: புலன்களால் தொடுவது, உணர்ச்சி, அழகு, அது நமக்கு என்ன பொருள் தருகிறது என்பது, பரிவு. வெறும் தகவலறிவு அந்த ஐந்தில் இல்லை.

ஆக, மறுத்தவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எனக்கே அன்று விடியற்காலையில் அதன் பெயர் தெரியாது. கையை அடியில் நீட்டியது பெயர் தெரிந்ததால் அல்ல, விழுந்துவிடுமோ என்ற பதைப்பால். பெயர் அடுத்த வாரம்தான் வந்தது. ஆனால் பெயர் வந்த பிறகுதான் மறுபடி மறுபடி போக ஒரு காரணம் கிடைத்தது. கதவு பரிவு, பெயர் கைப்பிடி என்று திருத்திக்கொள்கிறேன்.

ஜூன் 19

இதை எழுத வேண்டாம் என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். எழுதாமல் விட்டால் முதல் நாள் எழுதியது முழுப் பொய்யாகிவிடும்.

தும்பியைப் பார்த்த ஆறு மாதத்தில் நாங்கள் பதினொரு பேர் சேர்ந்துவிட்டோம். எல்லோருக்கும் குளத்தின் மேல் உயிர். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளத்தைச் சுத்தம் செய்வது என்று முடிவு. ஆகாயத்தாமரை ஒரு மூலையை அடைத்திருந்தது. தென் அமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாகப் பல நாடுகளுக்குப் போய், போன இடத்திலெல்லாம் நீர்நிலைகளை மூடிக்கொண்ட செடி. அதை எடுத்தது சரி. எடுக்கிற வேகத்தில் வேலம்பாசி, கோரை, கரையோரப் புல் எல்லாவற்றையும் சேர்த்து வாரிவிட்டோம். மாலைக்குள் குளம் கண்ணாடி போல இருந்தது. படம் எடுத்தோம். வாரியதை எல்லாம் அன்றைக்கே வண்டியில் ஏற்றி அனுப்பியாயிற்று.

கடைசி வண்டி கிளம்பும்போது ஏதோ சத்தம் கேட்டது. மழைத் தூறல் விழுவது போல, மெல்லிய சரசரப்பு. கிட்டே போய்ப் பாசியைக் கையால் விலக்கினேன். தும்பிப் புழுக்கள். சுண்டு விரல் நுனி அளவிலிருந்து பெருவிரல் அளவு வரை. நத்தைகள், தண்ணீர்ப் பூச்சிகள், விரல் நீள மீன் குஞ்சுகள். பாதி துடித்துக்கொண்டிருந்தன, பாதி அடங்கிவிட்டன. இரண்டு வாளி அளவுக்குப் பொறுக்கித் தண்ணீரில் விட்டோம். அதற்கு முன் போன நான்கு வண்டிகளில் இருந்ததை என்ன செய்ய முடியும்?

அந்த வருடம் கோரை இல்லாத கரையில் ஒரு கூடுகூட நான் பார்க்கவில்லை. கொசு அதிகமாயிற்று. கொசுப்புழுவைத் தின்றுகொண்டிருந்தவற்றைத்தான் வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தோமே.

பதினொரு பேரில் ஒருவருக்குக்கூட நேசம் குறைவில்லை. இதைவிட அதிகமாக ஒரு குளத்தை யாரும் நேசித்துவிட முடியாது. நேசம் வந்தால் காப்பாற்றுவார்கள் என்று கேட்டவருக்கு என் பதில் இந்த நான்கு வண்டிகள்.

ஜூன் 20

சிலர் கேட்டதால்: பாசி எடுத்தால் அதைக் கரையில், தண்ணீரை ஒட்டியே, ஒன்றிரண்டு நாள் பரப்பி வைக்க வேண்டும். உள்ளே இருப்பவை தானாக ஊர்ந்து தண்ணீருக்குத் திரும்பிவிடும். ஒரே தடவையில் மொத்தக் குளத்தையும் தொடக் கூடாது. ஒரு வருடம் ஒரு பகுதி, அடுத்த வருடம் இன்னொன்று. தவளைகளும் மீன்களும் முட்டையிடும் பருவத்தில் கை வைக்கவே வேண்டாம். இது எதுவும் ரகசியம் இல்லை. நீர்நிலைப் பராமரிப்பில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாங்கள் யாரையும் கேட்கவில்லை.

ஜூன் 23

முதல் நாள் "பாதி சரி" என்று எழுதினேன். அந்தப் பாதி எவ்வளவு என்று பார்க்க ஆசை வந்தது.

இயற்கையோடு உள்ள ஒட்டுதலுக்கும் சுற்றுச்சூழலுக்கு உகந்த நடத்தைக்கும் உள்ள உறவை அளந்த பல ஆய்வுகளைச் சேர்த்து 2020-இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. மொத்தம் 13,000-க்கும் மேற்பட்டவர்கள். ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் எண், 0.42 (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). மனித நடத்தை பற்றிய ஆய்வுகளில் இது கணிசமான எண்தான், அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் வர்க்கப்படுத்திப் பார்த்தால் 0.18-க்கும் சற்றுக் குறைவு. அதாவது ஒருவருக்கும் இன்னொருவருக்கும் நடத்தையில் உள்ள வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் ஒட்டுதலோடு சேர்ந்து போகிறது. மிச்சத்தில் வசதி, பழக்கம், சட்டம், நேரம், பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதெல்லாம் இருக்கும்.

இன்னொன்று, எது முதலில் வந்தது என்று இந்த எண் சொல்லாது. எனக்குத் தெரிந்த ஒருவர் சும்மா நண்பருக்குத் துணையாகக் குப்பை பொறுக்க வந்தார். நான்காவது வாரம்தான் குனிந்து தண்ணீருக்குள் பார்த்தார். இப்போது எங்களில் அதிகம் வருபவர் அவர். அவருக்கு வேலை முதலில், நேசம் பிறகு.

ஜூலை 2

நான்கு வண்டி கதைக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தார்கள். கோரையை வளரவிட்டோம். மூன்றாம் வருடம் தும்பிக் கூடுகள் மறுபடி வந்தன. "குளம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது" என்று எல்லோரிடமும் சொன்னேன்.

அதைக் கேட்ட ஒரு முதியவர், எந்தப் பழைய நிலை என்றார். அவர் பையனாக இருந்தபோது அடியில் கிடக்கும் கல் தெரியுமாம். ஆமைகள் மரக்கட்டையில் வரிசையாக ஏறி வெயில் காயுமாம். நான் ஆமையை அங்கே ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இல்லை என்று நான் வருத்தப்பட்டதும் இல்லை, ஏனென்றால் இருந்தது என்றே தெரியாது.

மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995-இல் இதைத்தான் நகரும் அடிக்கோடு என்று சொன்னார். ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் கண்டதையே இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது. இதற்கு நான் பார்த்ததிலேயே மனத்தை அறுத்த சான்று, அமெரிக்காவின் கீ வெஸ்டில் எடுத்த படங்கள். தூண்டில் போடப் படகில் போய்த் திரும்புகிறவர்கள் பிடித்த மீன்களைத் தொங்கவிட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். லாரன் மெக்லெனகன் என்ற ஆய்வாளர் 1956 முதல் 2007 வரையிலான படங்களை வைத்து மீன்களை அளந்தார். சராசரி எடை 19.9 கிலோவிலிருந்து 2.3 கிலோவாகக் குறைந்திருந்தது. பழைய படங்களில் ஆள் உயர மீன்கள். புதிய படங்களில் முழங்கை நீளம்கூட இல்லாதவை. முகங்களில் மட்டும் அதே சிரிப்பு.

அந்தச் சிரிப்பு பொய்யில்லை. அவர்களும் கடலை நேசிப்பவர்கள்தான். கண்முன் இருப்பதை மட்டும் நேசித்தால் கைவிட்டுப் போனது தெரிவதில்லை. தும்பிக் கூடுகளை எண்ணிக் குறித்து வைக்க, அடுத்த நாளே ஒரு நோட்டு வாங்கினேன்.

ஜூலை 3

சின்ன வயதிலேயே தொடங்க வேண்டும் என்று பலரும் சொல்வதால் ஒரு வரி. 2006-இல் அமெரிக்க நகரங்களில் வாழும் சுமார் 2,000 பெரியவர்களின் பதில்களை வைத்து வெல்ஸ், லெக்கீஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வில், பதினொரு வயதுக்கு முன் காட்டில் நடந்தது, முகாமிட்டது போன்ற அனுபவங்கள் பெரியவர்களான பிறகு அவர்களுடைய மனப்பான்மையோடும் செயலோடும் தொடர்புடையவையாகத் தெரிந்தன. நினைவிலிருந்து சொன்ன பதில்கள் என்பதால் முழுக்க நம்பிவிட மாட்டேன். இப்போது அக்கறை உள்ளவர் சிறு வயதுக் காட்டை நன்றாக நினைவு வைத்திருப்பார். நான் முப்பது வயதுக்கு மேல்தான் ஒரு தும்பியைப் பார்த்தேன். எனவே வயது தாண்டிவிட்டது என்று யாரும் ஒதுங்க வேண்டாம்.

ஜூலை 17

நோட்டின் கதை. நீளமாக இருக்கும்.

நாங்கள் எண்ணத் தொடங்கி பதினான்கு மாதம் ஆனபோது, குளத்தைச் சுற்றிலும் கல் கட்டி நடைபாதை போடப் போகிறார்கள் என்று தெரிந்தது. பொறுப்பான அலுவலகத்துக்குப் போனோம். எங்களில் நன்றாகப் பேசக்கூடியவர் பேசினார். குளம் எங்கள் உயிர், பிள்ளைகள் வந்து பார்க்கிறார்கள், இங்கே மன அமைதி கிடைக்கிறது என்றெல்லாம் சொன்னார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. எதிரே இருந்த அதிகாரி மரியாதையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, நடைபாதை போட்டால் இன்னும் நிறையப் பேர் வந்து அமைதி பெறுவார்களே என்றார். எங்களிடம் பதில் இல்லை. எங்கள் வாதத்தையே அவர் எங்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வெளியே வரும்போதுதான் பையிலிருந்த நோட்டு நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய் மேசையில் வைத்தேன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, தேதி, நேரம், கரைவாரியாகக் கூடுகளின் எண்ணிக்கை. கீழ்க்கரையில் எப்போதும் அதிகம், ஏனென்றால் அங்கேதான் கோரை அடர்த்தி, சரிவும் மென்மை. அவர் பக்கங்களைப் புரட்டினார். ஒரு இடத்தில் நிறுத்தி, இந்த மாதம் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் குளத்தைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது.

மூன்று பக்கம் கல் வந்துவிட்டது. கீழ்க்கரை மண்ணாகவே இருக்கிறது. முழுதாக வென்றோம் என்று சொல்ல மாட்டேன். மேற்குக் கரையில் நான் அன்று விடியற்காலை நின்ற இடம் இப்போது சிமெண்ட். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஜூலை 18

நேற்றைய குறிப்புக்கு வந்த கேள்வி: அப்படியானால் உணர்வே வேண்டாமா, கணக்கு மட்டும் போதுமா?

இல்லை. அந்தப் பதினான்கு மாதமும் விடியற்காலை எழ வைத்தது உணர்வுதான். ஆனால் அது அடுத்தவர் கையில் கொடுக்கக்கூடிய ஒன்றாக மாற வேண்டும். எண்ணிக்கையாக, விதியாக, முறை வைத்துச் செய்யும் வேலையாக.

அரசியல் அறிவியலாளர் எலினார் ஆஸ்ட்ரமை இதற்காகவே பிடிக்கும். பொதுச் சொத்து என்றால் எல்லோரும் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று சூழலியலாளர் கேரட் ஹார்டின் 1968-இல் எழுதியது ஏறக்குறைய வேதவாக்காக இருந்த காலத்தில், மக்கள் தாங்களே விதி வகுத்துக் காடு, மேய்ச்சல் நிலம், பாசனநீர் எல்லாவற்றையும் தலைமுறை தலைமுறையாகக் காத்த இடங்களை ஆஸ்ட்ரம் தேடிப் போய்ச் சேகரித்தார். 2009-இல் பொருளாதார நோபல் பெற்றார். அவர் எடுத்துக்காட்டும் இடங்களில் ஒன்று சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமம். அங்கே 1517-லேயே ஒரு விதி: குளிர்காலம் முழுக்கத் தன் தீவனத்தில் எத்தனை மாடு வளர்க்க முடியுமோ, அதற்கு மேல் ஒரு மாட்டைக்கூட யாரும் மலை மேய்ச்சலுக்கு அனுப்பக் கூடாது. விதியில் மலையின் அழகைப் பற்றி ஒரு சொல் இல்லை. மேய்ச்சல் நிலம் நூற்றாண்டுகள் நிலைத்தது.

ஜூலை 26

ஜூன் 19 குறிப்பில் "எல்லோருக்கும் குளத்தின் மேல் உயிர்" என்று எழுதியபோது ஒருவரை விட்டுவிட்டேன். சொல்லியாக வேண்டும்.

வடகரையில் தினமும் தூண்டில் போடும் ஒருவர் உண்டு. எங்கள் கண்ணுக்கு அவர் மீன் பிடிப்பவர், எனவே எதிர்க்கட்சி. ஆரம்பத்தில் அவரை அங்கிருந்து எழுந்து போகச் சொன்னோம். அவர் எதுவும் சொல்லாமல் பத்தடி தள்ளி உட்கார்ந்தார். குளத்தைச் சுத்தம் செய்த அன்று பாசியை முழுக்க எடுக்காதீர்கள் என்று எங்களிடம் சொன்ன ஒரே ஆள் அவர்தான். மீன் ஒதுங்க இடம் வேண்டும் என்றார். தன் மீனுக்காகப் பேசுகிறார் என்று நினைத்துக் காதில் வாங்கவில்லை. ஜூன் 20-இல் "நாங்கள் யாரையும் கேட்கவில்லை" என்று எழுதினேன். அதையும் திருத்துகிறேன். கேட்காமலே சொன்னவரை நாங்கள் மதிக்கவில்லை.

1974-இல் இமயமலையின் ரெனி கிராமத்தில் கௌரா தேவியும் மற்றப் பெண்களும் மரம் வெட்ட வந்தவர்களை மறித்தார்கள். விறகு, தீவனம், தண்ணீர், மழைக்குச் சரிந்துவிடாத மலைச்சரிவு என்று அவர்களுடைய அன்றாடம் முழுக்க அந்தக் காட்டில் இருந்தது. பார்த்து ரசிக்கப் போனவர்கள் அல்ல அவர்கள். இயற்கையோடு தொடர்பு என்றதும் நமக்கு நடைப்பயிற்சியும் கேமராவும் நினைவுக்கு வருகின்றன. கையால் தொட்டுப் பிழைப்பவரின் தொடர்பு அதைவிட ஆழமானது, குளம் நலிந்தால் முதல் அடி அவருக்குத்தான்.

ஆகஸ்ட் 10

எண்ணுவதில் என்ன இருக்கிறது, சலிப்பான வேலை என்று ஒருவர். 1900-க்கு முன்பு அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளில் அணி பிரிந்து, பறவைகளை அதிகம் சுட்டு வீழ்த்துவது யார் என்று போட்டி வைப்பார்கள். ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர் 1900-இல், சுடுவதற்குப் பதில் எண்ணுவோம் என்றார். 27 பேர் வந்தார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் ஒவ்வொரு வருடமும் நடக்கிறது, பல்லாயிரக்கணக்கானவர்களோடு. அதே குளிர், அதே அலைச்சல், அதே போட்டி. கையில் துப்பாக்கி மட்டும் இல்லை. காக்கிறவன் வேறு ஜாதி மனிதன் இல்லை என்று இதைப் படிக்கும்போதெல்லாம் நம்பிக்கை வருகிறது.

இன்று காலை கீழ்க்கரையில் பத்தொன்பது கூடுகள். கல் கட்டிய மூன்று பக்கமும் சேர்த்து இரண்டு, இரண்டும் கல்லிடுக்கில் முளைத்திருந்த புல்லில். பக்கத்து வீட்டுச் சிறுமியும் வந்திருந்தாள். கீழ்க்கரையில் அவள் எண்ணியதில் இருபது. அவள் சொன்ன இருபதாவதை நான் பார்க்கவில்லை. தூண்டில்காரர்தான் எழுந்து வந்து, தன் காலடியில் சாய்ந்திருந்த கோரையைத் திருப்பிக் காட்டினார். இருந்தது. நோட்டில் இருபது என்று திருத்தி, பக்கத்தில் அவர்கள் இருவரையும் கையெழுத்துப் போடச் சொன்னேன். அடுத்த எண்ணிக்கை 24-ஆம் தேதி, விடியற்காலை ஐந்தரைக்கு.